91 பகா எண்ணா? காரணி, மடங்கு கணக்குகளில் சறுக்கும் இடங்கள்

91 பகா எண்ணா என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். பலர் யோசிக்காமல் ஆமாம் என்பார்கள். இரட்டை எண் இல்லை, 5-இல் முடியவில்லை, இலக்கங்களைக் கூட்டினால் 10 வருவதால் 3-ஆலும் வகுபடாது. அதோடு மனம் திருப்தி அடைந்துவிடுகிறது. 7-ஐ முயன்று பார்க்கத் தோன்றுவதில்லை. ஏழாம் வாய்ப்பாட்டைப் பத்து வரையோ பன்னிரண்டு வரையோதான் பெரும்பாலோர் மனப்பாடம் செய்திருப்போம். 7 × 12 = 84 என்பதோடு அது நின்றுவிடும். 91 அதற்கு அடுத்த வரி.

100 வரை உள்ள பகு எண்களில் 2, 3, 5 ஆகிய மூன்றிடமும் பிடிபடாமல் தப்பிப்பவை மூன்றே மூன்றுதான்: 49, 77, 91. இதில் 49 வாய்ப்பாட்டிலேயே இருக்கிறது, 77-ஐப் பார்த்தாலே தெரிந்துவிடும். மிச்சம் 91 மட்டும். 51, 57, 87 போன்றவை பகா எண் போலத் தோற்றம் காட்டினாலும் இலக்கங்களைக் கூட்டினால் 6, 12, 15 என்று வந்து 3-இடம் மாட்டிக்கொள்ளும். இருபதாம் நூற்றாண்டின் பெரிய கணிதவியலாளர்களில் ஒருவரான அலெக்சாண்டர் குரோத்தண்டீக்கிடம் ஒரு பகா எண் சொல்லுங்கள் என்று கேட்டபோது 57 என்றாராம். கதை எவ்வளவு உண்மையோ, கணித வட்டாரத்தில் 57-க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

100-க்கும் 200-க்கும் இடையில் இதே வேலையைச் செய்தால் 119, 121, 133, 143, 161, 169, 187 என்று ஏழு எண்கள் தப்பிக்கும். 121, 169 இரண்டும் வர்க்க எண்கள், தெரிந்தவை. ஆக மீதி ஐந்து: 7 × 17, 7 × 19, 11 × 13, 7 × 23, 11 × 17. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் 200 வரையுள்ள 46 பகா எண்களையும் நெட்டுருப் போடுவதைவிட, 91-ஐயும் இந்த ஐந்தையும் தெரிந்து வைத்துக்கொள்வது எவ்வளவோ லாபம்.

இந்தப் பகுதியில் நடக்கும் தவறுகளைப் பார்த்தால், பெருக்கவோ வகுக்கவோ தெரியாமல் வருபவை கொஞ்சம்தான். எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற எல்லைக் குழப்பம்தான் பெரும்பாலான சறுக்கல்களுக்குக் காரணம்.

எதுவரை வகுத்துப் பார்ப்பது?

ஓர் எண் பகா எண்ணா என்று சோதிக்க, அதன் பாதி வரை வகுத்துப் பார்க்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். விடை தப்பாது, உழைப்புதான் வீண். 997-ஐ எடுத்துக்கொண்டால் பாதி 498. உண்மையில் 31-ஓடு நிறுத்திவிடலாம், ஏனென்றால் 32 × 32 = 1024, அது 997-ஐத் தாண்டிவிடுகிறது. இரண்டு எண்களைப் பெருக்கி 997 வர வேண்டுமென்றால் இரண்டுமே 32 அல்லது அதற்கு மேல் இருக்க முடியாது, ஒன்றாவது 31-க்குள் இருந்தாக வேண்டும். 31-க்குள்ளும் எல்லா எண்ணும் வேண்டாம், பகா எண்கள் போதும். 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31. பதினோரு வகுத்தல், எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. 997 பகா எண்.

இதற்கு நேர்மாறான தவறுதான் ஆபத்து. 2, 3, 5, 7 நான்கையும் பார்த்துவிட்டுக் கையைத் தட்டிவிடுவது. 100 வரை அது போதும், 120 வரைகூடப் போதும். 121-இலிருந்து போதாது. 221-ஐ இந்த நான்கும் வகுக்காது, 11-உம் வகுக்காது, 13 வகுக்கும். 323-க்கு 17 வரை போக வேண்டும், அது 17 × 19.

வர்க்கமூலம் வரை என்று சொல்லும்போது அந்த வர்க்கமூலமும் அதில் சேர்த்தி என்பதை மறப்பது இன்னொரு வகை. 169-க்கு வர்க்கமூலம் சரியாக 13. ‘13-க்குக் குறைவான எண்களைப் பார்த்தேன், ஒன்றும் வகுக்கவில்லை’ என்றால் 169 பகா எண்ணாகிவிடும். புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் இதில் தவறாமல் விழுவார்கள். சுற்றின் நிபந்தனையில் ‘குறைவு அல்லது சமம்’ என்று போட வேண்டிய இடத்தில் ‘குறைவு’ என்று மட்டும் போட்டால், 4, 9, 25, 49 என்று பகா எண்களின் வர்க்கங்கள் எல்லாம் பகா எண் பட்டியலுக்குள் வந்து உட்காரும். உங்கள் நிரல் 25-ஐப் பகா எண் என்று சொன்னால் வேறெங்கும் தேட வேண்டாம், முதலில் இங்கே பாருங்கள்.

அப்புறம், விதியைப் பாதி நினைவில் வைத்திருப்பவர்கள் ‘வர்க்கமூலத்தைவிடப் பெரிய காரணியே கிடையாது’ என்று ஒரு புது விதி செய்துகொள்வார்கள். 62-க்கு வர்க்கமூலம் எட்டுக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் 31 அதன் காரணிதான். சிறிய கூட்டாளி 8-க்குள் இருக்கும் என்பதே விதி. பெரிய கூட்டாளி எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

காரணிகளை விட்டுவிடாமல் எழுத

72-இன் காரணிகளை எழுதச் சொன்னால் 1, 2, 3, 4, 6, 8, 9, 12 வரை சரளமாக வரும். அப்புறம் 18, 24, 36 ஆகியவற்றில் ஏதாவது ஒன்று காணாமல் போகும், சிலர் 72-ஐயே விட்டுவிடுவார்கள். ஒற்றை ஒற்றையாகத் தேடுவதால் வருவது இது. சோடியாக எழுதினால் விட்டுப்போக வாய்ப்பே இல்லை: 1 × 72, 2 × 36, 3 × 24, 4 × 18, 6 × 12, 8 × 9. அடுத்து 9-க்கு வந்தால் 9 × 8, ஏற்கெனவே எழுதிய சோடியே திரும்பி வருகிறது. நிறுத்த வேண்டிய இடம் அதுதான். மொத்தம் 12 காரணிகள்.

வர்க்க எண்களில் மட்டும் கடைசிச் சோடி ஒரே எண்ணாக இருக்கும். 36-க்கு 6 × 6. அதை இரண்டாக எண்ணினால் 10 காரணிகள், சரியான விடை 9. ஓர் எண்ணுக்கு ஒற்றைப்படையில் காரணிகள் வந்தால் அது வர்க்க எண்ணாகத்தான் இருக்க வேண்டும், வேறு வழியில்லை. உங்கள் பட்டியலைச் சரிபார்க்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது: 72 வர்க்க எண் இல்லை, ஆகவே நீங்கள் எழுதிய பட்டியலில் 11 எண்கள் இருந்தால் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் பகாக் காரணிகளாகப் பிரித்து அடுக்குகளைப் பார்க்கலாம். 72 என்பது 2-இன் மூன்றாம் அடுக்கும் 3-இன் இரண்டாம் அடுக்கும். ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும்: 4 × 3 = 12. அந்த 1 எதற்கு? 2-ஐ ஒரு முறைகூட எடுக்காமல் விடுவதும் ஒரு தேர்வு என்பதால். எடுக்காமல் விடலாம், ஒன்று, இரண்டு அல்லது மூன்று முறை எடுக்கலாம், ஆக நான்கு வழிகள். இதை மறந்து 3 × 2 = 6 என்று எழுதுகிறவர்கள் உண்டு, 3 + 2 = 5 என்று கூட்டுகிறவர்களும் உண்டு. 360-இல் தவறு வேறு மாதிரி. 2 மூன்று முறை, 3 இரண்டு முறை, 5 ஒரே ஒரு முறை. அந்த 5-க்கு மேலே அடுக்கு எதுவும் எழுதியிருக்காது என்பதால் கணக்கில் வராமல் போய்விடும். 4 × 3 × 2 = 24 என்பதற்குப் பதில் 12 என்று முடித்துவிடுவார்கள்.

காரணிகளும் பகாக் காரணிகளும் ஒன்று என்று நினைப்பதும் அடிக்கடி நடக்கிறது. 12-இன் பகாக் காரணிகள் 2, 3 மட்டும். காரணிகள் 1, 2, 3, 4, 6, 12. காரணி மரம் வரையும்போது 84-ஐ 7 × 12 என்று பிரித்து, 12-ஐ அப்படியே விட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மரத்தின் நுனியில் பகு எண் நிற்கக் கூடாது. அங்கே 91 வந்து நின்றால் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

எண்ணிக்கையில் ஒன்று விட்டுப்போவது கும்பகோணத்து மேதையையும் விடவில்லை. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி இராமானுஜன் 1915-இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். 12, 24, 36, 48, 60, 120, 180 என்று போகும் அந்த எண்களின் பட்டியல் ஒன்றையும் அதில் கொடுத்தார். பட்டியலில் ஒரே ஓர் எண் விடுபட்டுவிட்டது: 293318625600. அதற்கு 5040 காரணிகள். கணிப்பான் இல்லாத காலத்தில் கையால் போட்ட பட்டியல் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1, 2, 0

‘1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண் பகா எண்’ என்ற வரையறையைத்தான் எல்லோரும் ஒப்பிப்போம். 1-ஐ அதில் பொருத்தினால், அது 1-ஆலும் தன்னாலும் வகுபடுகிறது, அப்போது பகா எண்தானே என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்ல முடியாது. ‘சரியாக இரண்டு காரணிகள் கொண்ட எண்’ என்று சொல்லிக்கொடுத்தால் இந்தச் சிக்கலே எழாது. 1-க்கு ஒரே காரணி. அது பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை.

பழைய ஆட்கள் இதில் வேறுபட்டார்கள். கோல்ட்பாக் 1742-இல் ஆய்லருக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் 1-ஐப் பகா எண்ணாகத்தான் கணக்கில் எடுத்தார். டி. என். லேமர் 1914-இல் வெளியிட்ட ஒரு கோடிக்கு மேல் போகும் பகா எண் அட்டவணையும் 1-இலிருந்தே தொடங்குகிறது. பிறகு ஏன் தள்ளிவைத்தார்கள் என்றால், வசதிக்காகத்தான். 12-ஐப் பகா எண்களின் பெருக்கலாக 2 × 2 × 3 என்று ஒரே விதமாகத்தான் எழுத முடியும். 1-ஐச் சேர்த்துக்கொண்டால் 1 × 2 × 2 × 3, 1 × 1 × 2 × 2 × 3 என்று முடிவில்லாமல் எழுதலாம், ‘ஒரே விதம்’ என்ற தேற்றம் உடைந்துவிடும்.

2 பகா எண்தான், இரட்டை எண்ணாக இருப்பதால் தகுதி இழக்காது. ‘பகா எண்கள் எல்லாம் ஒற்றைப்படை’ என்பதும் ‘ஒற்றைப்படை எண்கள் எல்லாம் பகா எண்’ என்பதும் இரண்டு தனித்தனித் தவறுகள். முதல் தவறு 2-இல் மட்டும் மாட்டும். இரண்டாவது 9-இலேயே மாட்டிவிடும்.

0 எல்லா எண்களுக்கும் மடங்கு, ஏனென்றால் எந்த எண்ணை 0-ஆல் பெருக்கினாலும் 0. ஆனால் வேறெந்த எண்ணுக்கும் அது காரணி இல்லை. மீச்சிறு பொது மடங்கு, அதாவது மீ.சி.ம காணும்போது 0-ஐ ஒதுக்கிவைப்பது இதனால்தான். சேர்த்துக்கொண்டால் உலகத்தில் எல்லா மீ.சி.ம-வும் 0 ஆகிவிடும்.

மடங்குகளும் பெருக்கிவிடும் அவசரமும்

காரணி என்றால் எண்ணுக்குள் அடங்குவது, மடங்கு என்றால் எண்ணிலிருந்து வளர்வது. 12-இன் காரணிகள் 12-ஐத் தாண்டாது. 12-இன் மடங்குகளை 12-இலிருந்தே தொடங்க வேண்டும். 24-இலிருந்து தொடங்குவது வழக்கமான தவறு.

மீப்பெரு பொதுக் காரணி என்ற பெயரில் ‘பெரு’ இருப்பதால் பெரிய விடையை எதிர்பார்ப்பதும், மீச்சிறு என்பதைப் பார்த்துச் சின்ன விடையைத் தேடுவதும் தேர்வு அறையில் சகஜம். விடை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று முதலில் யோசித்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். 6, 8, 12 நிமிடங்களுக்கு ஒரு முறை அடிக்கும் மணிகள் எப்போது சேர்ந்து அடிக்கும்? 12-க்குக் குறைவாக இருக்கவே முடியாது, ஆகவே மீ.சி.ம, விடை 24. 480 சென்டிமீட்டர் நீளம், 360 சென்டிமீட்டர் அகலம் உள்ள தரையில் வெட்டாமல் பதிக்கக்கூடிய மிகப்பெரிய சதுர டைல்ஸ்? 360-ஐத் தாண்டவே முடியாது, ஆகவே மீ.பொ.கா, விடை 120 சென்டிமீட்டர்.

மீ.சி.ம என்றவுடன் எண்களைப் பெருக்கிவிடுகிற அவசரத்துக்கு நல்ல மருந்து சீனர்களின் ஆண்டுக் கணக்கு. அவர்கள் ஆண்டுகளுக்குப் பெயரிட 10 குறிகள் கொண்ட ஒரு வரிசையையும், எலி, எருது, புலி என்று 12 விலங்குகளோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு வரிசையையும் இணையாக ஓட்டுகிறார்கள். 10 × 12 = 120 ஆண்டுகளில் சுற்று முடியும் என்று தோன்றும். 60-லேயே முடிந்துவிடுகிறது. இரண்டும் இரட்டை எண்கள் என்பதால் முதல் வரிசையின் ஒற்றைப்படைக் குறி இரண்டாம் வரிசையின் ஒற்றைப்படைக் குறியோடு மட்டுமே சேரும். பாதிச் சேர்க்கைகள் ஒருபோதும் வருவதில்லை. பிரபவ முதல் அட்சய வரையிலான நம் சுற்றும் 60 ஆண்டுதான். வியாழனுக்கு ஒரு சுற்று 12 ஆண்டு, சனிக்கு 30 ஆண்டு என்று தோராயமாக வைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து தொடங்கிய இடத்துக்கு வர ஆகும் காலமும் 60, பெருக்கினால் வரும் 360 இல்லை.

‘இரண்டு எண்களின் பெருக்கற்பலன் = மீ.பொ.கா × மீ.சி.ம’ என்பது அருமையான சூத்திரம், இரண்டு எண்களுக்கு மட்டும். மூன்று எண்களுக்கு நீட்டினால் கவிழ்த்துவிடும். 2, 4, 6-ஐப் பாருங்கள். மீ.பொ.கா 2, மீ.சி.ம 12, பெருக்கினால் 24. மூன்று எண்களையும் பெருக்கினால் 48.

சார்பகா எண்கள் என்றால் இரண்டும் பகா எண்ணாக இருக்க வேண்டும் என்றும் நினைக்கிறார்கள். 8, 15 இரண்டும் பகு எண்கள், ஆனால் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது, ஆகவே சார்பகா. மூன்று எண்கள் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். 6, 10, 15 மூன்றுக்கும் பொதுவான காரணி 1 மட்டுமே. ஆனால் எந்த இரண்டை எடுத்தாலும் ஒரு பொதுக் காரணி இருக்கும்: 2, 3 அல்லது 5.

பெரிய எண்களுக்கு மீ.பொ.கா காணக் காரணிப்படுத்த உட்காருவது நேர விரயம். 1711, 1189 இரண்டையும் பிரிக்க முயன்றால் நேரம் போகும். யூக்ளிட் முறையில் மீதிகளை மட்டும் பார்த்தால் 522, 145, 87, 58, 29, 0 என்று ஆறு படியில் முடிந்துவிடும். இங்கேயும் நிறுத்தும் இடம் தப்பும். கடைசி மீதி 0, அதற்கு முந்தைய மீதியான 29-தான் விடை. சிலர் கடைசி வகுத்தலின் ஈவான 2-ஐ எழுதிவைப்பார்கள்.

மீதி வரும் கணக்குகளைப் பற்றி ஒரு வரி. 6, 8, 9-ஆல் வகுத்தால் எப்போதும் 1 மீதி வரும் எண் 72 + 1 = 73. மீதிகள் முறையே 5, 7, 8 என்றால் எல்லாவற்றிலும் 1 குறைகிறது, ஆகவே 72 − 1 = 71.

வகுபடும் விதிகள்

4-ஆல் வகுபடுமா என்று பார்க்கக் கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். கடைசி இலக்கம் 4 அல்லது 8 என்று பார்த்து முடிவு செய்தால் 14, 18, 34 எல்லாம் தவறாகும். 12-ஆல் வகுபடுமா என்று பார்க்க 2-ஆலும் 6-ஆலும் வகுத்துப் பார்ப்பதும் தவறு. 18 இரண்டாலும் வகுபடும், 12-ஆல் வகுபடாது. பிரிக்கும் இரண்டு எண்களும் சார்பகாவாக இருக்க வேண்டும், அதாவது 3-உம் 4-உம். அதே போல 24-க்கு 4, 6 உதவாது, 3, 8 வேண்டும்.

இலக்கங்களைக் கூட்டும் விதி 3-க்கும் 9-க்கும் அழகாக வேலை செய்கிறது. அதனால் 27-க்கும் செய்யும் என்று நீட்டக் கூடாது. 1899-இன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 27, ஆனால் 27-ஆல் வகுத்தால் 9 மீதி. 11-க்கான விதியில், ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தால் 0 வர வேண்டும் என்று மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் 209-ஐத் தவறவிடுவார்கள். அங்கே 2 − 0 + 9 = 11 வருகிறது, அதுவும் சரிதான், 209 = 11 × 19.

7-க்கு ஒரு வழி உண்டு: கடைசி இலக்கத்தை இரட்டித்து மிச்ச எண்ணிலிருந்து கழிப்பது. 371 என்றால் 37 − 2 = 35, வகுபடும். நல்ல வழி. ஆனால் வகுபடாதபோது இதிலிருந்து மீதியைப் படிக்க முடியாது. 100-க்கு இந்த வழியில் 10 வரும், அதை 7-ஆல் வகுத்தால் மீதி 3. 100-ஐ 7-ஆல் வகுத்தால் உண்மையான மீதி 2. இலக்கக் கூட்டல் விதியோ 3-க்கும் 9-க்கும் மீதியையும் சரியாகக் காட்டும்.

லீப் வருடமும் வகுபடும் விதிதான், பாதியில் நிறுத்தினால் தப்பும். 4-ஆல் வகுபட்டால் லீப் வருடம், நூற்றாண்டாக இருந்தால் 400-ஆல் வகுபட வேண்டும். 2000 லீப் வருடம், 1900 இல்லை, 2100-உம் இருக்காது. எக்செலில் இன்றும் 1900 பிப்ரவரி 29 என்ற தேதி உண்டு. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளில் இருந்த பிழையை, அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

ஏழு முறை சரியாக வந்தால்

31 பகா எண். 331-உம், 3331-உம், 33331-உம் அப்படியே. 333331, 3333331, 33333331 எல்லாமே பகா எண்கள்தான். ஏழு எண்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. எட்டாவது 333333331 = 17 × 19607843.

ஆய்லரின் புகழ்பெற்ற சூத்திரம் இன்னும் நீண்ட நேரம் ஏமாற்றும். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41-ஐயும் கூட்டுங்கள். 0 முதல் 39 வரை எதைப் போட்டாலும் பகா எண்தான் வரும். 40 போட்டால் 1681, அது 41 × 41. ஃபெர்மா 3, 5, 17, 257, 65537 என்ற ஐந்தையும் பார்த்துவிட்டு அந்த வரிசை முழுவதும் பகா எண்கள் என்று நம்பினார். அடுத்த எண் 4294967297 என்பது 641 × 6700417 என்று ஆய்லர் 1732-இல் காட்டிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இன்றுவரை கிடைக்கவில்லை.

பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் நிறுவியதைத் தவறாகப் புரிந்துகொள்வதும் உண்டு. முதல் சில பகா எண்களைப் பெருக்கி 1 கூட்டினால் புதிய பகா எண் வரும் என்று பலர் சொல்வார்கள். 2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30031. அது 59 × 509. யூக்ளிட் சொன்னது இவ்வளவுதான்: அந்த எண்ணின் பகாக் காரணி உங்கள் பட்டியலில் இருக்காது. 59, 509 இரண்டும் பட்டியலில் இல்லை.

பள்ளியில் அதிகம் பார்ப்பது ‘6-இன் மடங்கோடு 1 கூட்டினாலோ கழித்தாலோ பகா எண்’ என்ற நம்பிக்கை. 3-க்கு மேலுள்ள பகா எண்கள் எல்லாம் அந்த வடிவத்தில் இருக்கும் என்பது உண்மை. அந்த வடிவத்தில் இருப்பவை எல்லாம் பகா எண் என்பது பொய். 25, 35, 49, 55, 65, 77 எல்லாமே சாட்சி.

கணினி சொன்னால் சரியா?

எக்செலில் 1234567890123457 என்று அடித்துப் பாருங்கள். அது 1234567890123450 ஆகிவிடும். 15 இலக்கங்களுக்கு மேல் அது வைத்துக்கொள்வதில்லை. ஒற்றைப்படை எண் ஒன்று கண்ணெதிரே 10-இன் மடங்காகிறது. பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டிலும் எல்லை உண்டு: 9007199254740993 என்ற ஒற்றை எண்ணைக் கொடுத்தால் 9007199254740992 என்ற இரட்டை எண்ணாக வாங்கிக்கொள்ளும். கைபேசிக் கணிப்பானில் பெரிய எண்ணை வகுத்து, தசமப் புள்ளி தெரியவில்லை, ஆகவே வகுபடுகிறது என்று முடிவு செய்வதும் இதே ரகம். திரையில் இடமில்லாமல் தசமம் வெட்டப்பட்டிருக்கும். ஈவைத் திரும்பப் பெருக்கிக் கடைசி இலக்கத்தையாவது ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிரல் எழுதுபவர்களுக்கு ஒன்று. சி, ஜாவா மொழிகளில் −7-ஐ 2-ஆல் வகுத்தால் மீதி −1 என்று வரும், பைத்தானில் 1 வரும். ‘மீதி 1 என்றால் ஒற்றைப்படை’ என்று எழுதிய வரி குறை எண்களில் தப்பும். ‘மீதி 0 இல்லை என்றால்’ என்று எழுதுங்கள். 1-ஐயும் தொடக்கத்திலேயே வடிகட்டிவிடுங்கள். 2-இலிருந்து தொடங்கும் சுற்று அதற்கு ஒரு முறைகூட ஓடாது, ஓடாததால் பகா எண் என்று சொல்லிவிடும்.

பகு எண் என்று தெரியும், காரணி தெரியாது

ஓர் எண் பகா எண் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் அதன் காரணியைக் காட்டியாக வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. சிறிய எண்களில் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் இரண்டும் வெவ்வேறு வேலைகள்.

2-இன் 67-ஆவது அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் எண் பகா எண் என்று மெர்சென் 1644-இல் எழுதினார். அது பகா எண் இல்லை என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூக்கா 1876-இல் நிறுவினார், ஒரு காரணியைக்கூடக் காட்டாமல். காரணிகள் தெரிய 1903 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் 193707721 × 761838257287 என்று பலகையில் எழுதிப் பெருக்கிக் காட்டினார். வாயே திறக்காமல் பெருக்கி முடித்துவிட்டு உட்கார்ந்தார் என்பார்கள். லூக்காவின் முறையை டி. எச். லேமர் பிறகு செம்மைப்படுத்தினார். 1-ஐப் பட்டியலில் வைத்திருந்த லேமரின் மகன் இவர். 2024-இல் அறிவிக்கப்பட்ட, 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பகா எண்ணை உறுதி செய்ததும் அந்த முறைதான்.

விரைவான சோதனைகளிலும் ஒரு பள்ளம் உண்டு. ஓர் எண்ணை எடுத்து, 2-ஐ அத்தனை முறை பெருக்கி, 2-ஐக் கழித்தால் அந்த எண்ணால் வகுபடுகிறதா என்று பார்க்கலாம். பகா எண் என்றால் கட்டாயம் வகுபடும். வகுபட்டால் பகா எண் என்று திருப்பிச் சொல்லிவிடக் கூடாது. 341 இந்தச் சோதனையில் தேறிவிடும், அது 11 × 31. 2-க்குப் பதில் வேறு எண்களைப் போட்டாலும் அசராமல் தேறும் பகு எண்களும் உண்டு: 561, 1105, 1729. இராமானுஜனையும் ஹார்டியையும் சேர்த்து நினைவுபடுத்தும் அதே 1729-தான், 7 × 13 × 19. எந்த எண்ணையும் சந்தேகமில்லாமலும் நியாயமான வேகத்திலும் சோதிக்கும் முறையை 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் கண்டுபிடித்தார்கள். அதுவும் பகா எண்ணா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும், காரணிகளைத் தராது.

ஆகவே ஒரு மென்பொருள் ‘பகா எண் இல்லை’ என்று நொடியில் சொல்லிவிட்டுக் காரணி கேட்டால் திணறினால் அது பழுது இல்லை. இரண்டு பகா எண்களைப் பெருக்கிச் சவாலுக்காக வெளியிட்ட எண்களில், 250 இலக்கங்கள் கொண்ட ஆர்.எஸ்.ஏ-250-ஐ 2020-இல் பல கணினிகளைக் கொண்டு உடைத்தார்கள். அதே வரிசையில் 617 இலக்கங்கள் கொண்ட ஆர்.எஸ்.ஏ-2048 பகு எண் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதன் இரண்டு காரணிகளை இதுவரை யாரும் வெளியிடவில்லை.